கீழ்வீட்டுச் சுவர்

எங்கள் வீட்டுப் பெரிய அறையில் ஒரு வாளி தண்ணீரை எங்கே ஊற்றினாலும் அது தானாகத் தெருப்பக்க மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டை வாங்கிய புதிதில் அது எனக்கு ஒரு வசதியாகத்தான் பட்டது. இத்தாலியில், பலேர்மோ நகரில் எத்தனையோ வீடுகளின் தரையைத் துடைத்தவள் நான். மாபிள், ஓடு, பலகை என்று எல்லாத் தரையும் என் கைக்குப் பழக்கம். தண்ணீரைத் துரத்திக்கொண்டு போகத் தேவையில்லாத ஒரு தரையை அங்கேதான் கண்டேன். தண்ணீர் போகிற பக்கம்தான் வீடு புதைந்த பக்கம் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கமாட்டேன். வீடு என்னுடையது அல்லவா.

நான் அதிகம் படித்தவள் இல்லை. மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் சில வருடம் இருந்தேன். செபப் புத்தகம் வாசிக்க வந்ததும் போதும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். வாசிக்கிறவர்களும் மெதுவாக வாசிக்கலாம். அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை இது.

அந்த வீட்டை வாங்கியது தொண்ணூறுகளின் நடுவில். அதற்கு முன் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பல குடும்பங்கள் ஒரே குசினியைப் பாவிக்கிற ஒரு வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தோம். என் மனுசன் கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவார். மாரியில் கிடைத்த வேலைக்குப் போவார். நான் இரண்டு சிஞ்ஞோராக்களின், அதாவது அந்த ஊர் அம்மாக்களின், வீடுகளைக் கூட்டித் துடைத்து, துணி அயன் பண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சனத்துக்குள்ளே என் கைச் சுத்தத்துக்கு ஒரு பேர் இருந்தது. சிஞ்ஞோராக்கள் தங்கள் சிநேகிதிகளிடம் என்னைக் காட்டி ஏதோ சொல்வார்கள். என்ன சொல்கிறார்கள் என்று முழுதாக விளங்காது. ஆனால் முகத்தைப் பார்த்தால் நல்லதாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு ஒரேயொரு மகள். அவளை என் தமக்கையோடு விட்டுவிட்டு வந்திருந்தோம். சண்டை நடந்த காலத்தில் இரண்டு பேரும் மடு மாதா கோயிலடியில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். பிறகு கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து இருந்தார்கள். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடியுமுன் என்றால்தான் தாய் தகப்பனின் பேரில் இத்தாலிக்குக் கூப்பிடலாம். முடிந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். கூப்பிடுவதற்கு எங்களிடம் ஒழுங்கான வீடு இருக்கிறது, அது மனிதர் குடியிருக்கத் தக்கது என்று ஒரு கடுதாசி குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், கொடுக்க வேண்டும். எங்களுக்கு அறை தருகிறவர்கள் எவரும் கடுதாசி தருவதில்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. ஆகவே கையில் இருந்ததையெல்லாம் திரட்டி, மலிவாகக் கிடைத்த ஒரு பழைய வீட்டை வாங்கத் துணிந்தோம். வருகிற ஓகஸ்டில் மகளுக்குப் பதினெட்டு.

வீடு வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. மேல்மாடி எங்களுக்கு, கீழே ஒரு கிழவி. ஏன் மலிவு என்பதை விற்றவர் ஒளிக்கவில்லை. இறந்துபோன வீட்டுக்காரரின் மகன் அவர், வடக்கே எங்கேயோ வேலை பார்ப்பவர். அந்த ஒழுங்கைக்குக் கீழே முந்தின காலத்தில் ஓர் ஆறு ஓடியதாம். ஆற்றை மூடி, அதன் மேல் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பெரிய மழைக்குப் பிறகு கீழே மண் கரைந்து, தெருப்பக்க மூலை நாலு விரல் அளவுக்கு இறங்கிவிட்டது. சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது. பிறகு அத்திவாரத்துக்குள் சீமெந்தை இறைத்து, இரும்பு கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். இனி அசையாது என்று அவர் சொன்னார். ஆனால் அசையவில்லை என்பதை ஓர் இஞ்சினியர் ஒரு வருடம் பார்த்து எழுதித் தர வேண்டும். போன பாஸ்காவுக்குப் பிறகு, அதாவது ஈஸ்டருக்குப் பிறகு, பார்க்கத் தொடங்கியிருக்கிறார், வருகிற பாஸ்காவோடு வருடம் முடியும், கடுதாசி கிடைக்கும். பாஸ்காவுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் வேண்டிய காலம் இருக்கிறது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

திறப்பு எங்கள் கைக்கு வந்த அன்று இஞ்சினியரும் வந்திருந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர், மரியாதையாகக் கதைப்பவர். இவர், என் மனுசன், தண்ணீர் மீட்டரைப் பார்க்க வெளியே போய்விட்டார். இஞ்சினியர் என்னைத் தெருப்பக்கச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், வெடிப்பைக் காட்டி, விரலால் அங்கேயும் இங்கேயும் தொட்டு, நீளமாக எதையோ சொன்னார். கடைசியில், "காப்பீத்தோ, சிஞ்ஞோரா?" என்று கேட்டார். விளங்கினதா என்று கேட்கிறார்.

"காப்பீத்தோ," என்றேன்.

அந்த ஒரு சொல்லோடுதான் நான் பத்து வருடம் அந்த ஊரில் வேலை செய்தேன். சிஞ்ஞோரா என்ன சொன்னாலும் காப்பீத்தோ. பிறகு அவளுடைய கண் எங்கே போகிறது, கை எதைக் காட்டியது என்று பார்த்துச் செய்துவிடுவேன். பிழைத்ததே இல்லை. விளங்கவில்லை, இன்னொருதரம் சொல்லுங்கள் என்று கேட்பது எனக்குக் கை நீட்டிப் பிச்சை கேட்கிற மாதிரி. அன்றும் இஞ்சினியரின் கை வெடிப்பைக் காட்டியதைப் பார்த்தேன். வெடிப்பு அசிங்கமாக இருக்கிறது, அதை ஒழுங்குபடுத்துங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இனிக் கீழ்வீட்டுக் கிழவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூடியவள். புருசன் இல்லை, பிள்ளைகள் இல்லை. சந்தைக் கடைக்காரர்களுக்குக் கார்ச்சோஃபி உரித்துக் கொடுப்பது அவளுடைய தொழில். கார்ச்சோஃபி என்பது முள்ளு மொட்டுப் போல ஒரு மரக்கறி. வெளி இலைகளைக் கழித்துக் கழித்து உள்ளே கொஞ்சம்தான் மிஞ்சும். அந்தக் கழித்த இலைகள் படியெல்லாம் கிடக்கும். அவள் சமைத்தால் எண்ணெய்ப் புகை எங்கள் யன்னல்வரை ஏறும். ஒருநாள் அவள் கதவைத் திறந்து வைத்திருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவர் கறுத்து, முகட்டில் ஒட்டறை திரைச்சீலை மாதிரித் தொங்கியது. பூனைகள் கட்டிலில் கிடந்தன. என் வீட்டுக்குக் கீழே இப்படி ஒரு வீடு என்று நினைக்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

படியைக் கூட்டி, அந்த இலைகளை அள்ளி அவளுடைய கதவடியிலேயே குவித்து வைப்பேன். கதவைத் திறந்தால் அவள் காலிலே பட வேண்டும் என்று அளந்து வைப்பேன். முதல் முதல் அவள் என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டபோது, ஒருசந்தி, விரதம் என்று கையால் காட்டிவிட்டு மேலே ஏறிவிட்டேன். தபசு காலமும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. அவளும் கத்தோலிக்கச்சிதான், அவளுக்கு அது தெரிந்திருக்கும்.

நத்தார்ப் பண்டிகைக்கு முதல் நாள் இவர் சொன்னார், "இஞ்சாரும், கீழை அந்த மனுசிக்கும் ஏதாவது குடுத்துவிடும். தனிச்ச சீவன்."

இவர் நினைத்தது கேக். நான் எடுத்தது ஒரு போத்தல் வரெக்கினா. துணி வெளுக்கவும் கக்கூஸ் கழுவவும் பாவிக்கிற மருந்து அது. அதன் கழுத்தில் ஒரு சிவப்பு ரிபன் கட்டி, வடிவாகச் சிரித்துக்கொண்டு கொடுத்தேன். அவள் போத்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கிராட்சியே," என்றாள், நன்றி என்று. கதவைச் சாத்தினாள்.

இவரிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "உமக்கென்ன விசரே?" என்று மட்டும் கேட்டார்.

"கழுவட்டும். காசு குடுத்துத்தானே வாங்கினனான்," என்றேன்.

நத்தார் கழிந்து வருகிற மூவிராசாக்கள் திருநாளன்று வீட்டை மந்திரிக்கச் சுவாமியாரைக் கூப்பிட்டிருந்தோம். கோயிலுக்கு வருகிற எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. எங்களுக்குள் சொந்தமாக வீடு வாங்கியவர்கள் அப்போது ஒருவரும் இல்லை. எல்லோரும் வந்து பார்க்கப் போகிற வீடு அது. அதற்கு முந்தின கிழமை, இவர் வேலைக்குப் போன நேரத்தில், நான் தெருப்பக்கச் சுவரில் கை வைத்தேன்.

வெடிப்புக்குக் குறுக்கே விரல் நீளத்தில் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தன. இரண்டு நுனியிலும் சாந்துக் கட்டி, சாந்தின் மேல் ஆணியால் கீறின ஏதோ இலக்கங்கள். மேசன் விட்டுப்போன குப்பை என்று நினைத்தேன். வேறு என்னவாக நினைப்பது? கத்தியால் நெம்பினேன். அவை நல்ல பிடிப்பாக இருந்தன, கை நொந்தது. ஒவ்வொன்றாக உடைத்து எடுத்து, பேப்பரில் சுற்றி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு வெடிப்புக்குச் சாந்து அப்பி, காய்ந்ததும் மட்டத்தாள் போட்டு உரஞ்சி, இரண்டு தரம் வெள்ளை அடித்தேன். வெடிப்பு இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. இவர் இரவு வந்து பார்த்துவிட்டு, "சோக்காயிருக்கு," என்றார்.

சுவாமியார் வந்தார், தீர்த்தம் தெளித்தார். பால் காய்ச்சினோம். அடுப்பு சரிந்து நின்றதால் பால் ஒரு பக்கமாகவே பொங்கி வழிந்தது. இவருடைய தங்கச்சி, என் மச்சாள், வாய் சும்மா இருக்காதவள்.

"மச்சாள், உங்கட வீடு ஒருக்களிச்சுப் படுத்திருக்குது போல," என்றாள்.

"படுத்தாலும் சொந்தப் பாயிலை படுத்திருக்கு. உங்களைப்போலை ஆரோ ஒருத்தரின்ரை பாயிலை இல்லை," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மச்சாளின் முகம் கறுத்துவிட்டது. அவளும் ஓர் அறையில்தான் வாடகைக்கு இருந்தாள், அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப்பேரும் அப்படித்தான். அன்று நான் ஒவ்வொருவரையும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய், தடவிப் பாருங்கள் என்று சொன்னேன். கீழ்வீட்டுக் கிழவிக்குச் சொல்லவில்லை. அவள் படியில் கதிரை போட்டு இருந்து, ஏறி இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்ததாகப் பிறகு இவர் சொன்னார்.

பாஸ்கா முடிந்த கிழமையில் இஞ்சினியர் வந்தார். இவரும் அன்று வேலைக்குப் போகாமல் நின்றார். கோப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நானும் போய்ச் சுவரடியில் நின்றேன். இஞ்சினியர் டோர்ச்லைட் அடித்துக்கொண்டு சுவரைத் தடவினார். மேலே ஒருதரம், கீழே ஒருதரம். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் முந்திக்கொண்டேன். "பெல்லோ, நோ?" என்றேன். வடிவாக இருக்கிறதுதானே என்று கேட்டேன்.

இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

அவர் இவரிடம் ஏதோ சொன்னார். இவர் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சாரும், இதிலை கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்ததாம். அதுகள் எங்கை?"

"அந்தக் குப்பையோ? சுரண்டி எறிஞ்சுபோட்டன்."

"சுரண்டினனீரோ?"

"சுவாமியார் வாறார் எண்டு..."

"அதுகளைத் தொட வேண்டாம் எண்டு உமக்குச் சொன்னவராம். விளங்கினது எண்டு சொன்னனீராம்."



இஞ்சினியர் ஆறுதலாக இவருக்கு விளங்கப்படுத்தினார், இவர் எனக்குச் சொன்னார். அந்தக் கண்ணாடிக்கு அவர்களுடைய தொழிலில் ஒற்றன் என்று பேராம். வீடு ஒரு நூலளவு அசைந்தாலும் கண்ணாடி வெடித்துவிடும். வெடிக்காமல் ஒரு வருடம், ஒரு மாரி மழை முழுக்க, கிடந்தால் வீடு நின்றுவிட்டது என்று அர்த்தம். இனிப் புதுக் கண்ணாடி ஒட்டி, இன்றிலிருந்து இன்னொரு வருடம் பார்க்க வேண்டும்.

"நான் பார்க்காததை எழுத முடியாது, சிஞ்ஞோரா," என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அது எனக்கு விளங்கியது.

இவர் கதிரையில் இருந்துவிட்டார். சத்தம் போடுகிற மனுசன் இல்லை அவர். அன்றும் சத்தம் போடவில்லை.

"ஊரான் வீடெல்லாம் துடைச்சீர். கடைசியிலை எங்கட பிள்ளையையும் துடைச்சுப்போட்டீர்," என்றார்.

குசினியில் கோப்பி பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. ஒருவரும் போய் இறக்கவில்லை.

இஞ்சினியர் பையைப் பூட்டிவிட்டு வாசல்வரை போனார். பிறகு நின்று, எதையோ நினைத்தவர் போல இவரிடம் கதைத்தார். வெடிப்பு மேலிருந்து கீழ்வரை ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான். அதே நாளில் கீழ்வீட்டுச் சுவரிலும் ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கிறார். அது முழுதாக இருந்தால் அதை வைத்து எழுதலாம். ஆனால் அந்தக் கிழவி அதற்குப் பிறகு ஒருநாளும் அவருக்குக் கதவு திறக்கவில்லையாம். அவளுக்குப் பயம். கண்ணாடி வெடித்திருந்தால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவார்கள்.

"போம். போய்க் கேளும்," என்றார் இவர்.

"நீங்கள் கேளுங்கோவன். உங்களுக்குப் பாஷை வரும்."

"பாஷை இல்லை இப்ப பிரச்சினை."

நான் படியிறங்கினேன். இவரும் இஞ்சினியரும் எனக்கு மேலே, திருப்பத்தில் நின்றார்கள். கதவைத் தட்டினேன். இனி வருவதெல்லாம் அவளுடைய பாஷையில் நடந்தது. எனக்கு விளங்கினது பாதி, இவர் பிறகு சொன்னது பாதி.

"ஆரது?"

"மேல்வீடு."

"என்ன, இன்னொரு போத்தலோ?"

கதவுக்குப் பின்னால் ஒரு பூனை கத்தியது.

"சிஞ்ஞோரா, தயவுசெய்து திறவுங்கோ. சுவர் பார்க்க வேணும்."

"அந்த இஞ்சினியரும் நிக்கிறானோ? அவன்ரை செருமல் எனக்குக் கேட்குது. திறக்கமாட்டன். கண்ணாடி வெடிச்சிருந்தால் என்னைத் தெருவிலை விடுவான். நான் இந்த அறையிலை பிறந்தனான். உனக்கு மேலை புது வெள்ளைச் சுவர் இருக்கு, அதைப் போய்ப் பார்."

பத்து வருடத்தில் பொறுக்கின இத்தாலியச் சொற்களெல்லாம் எனக்கு அப்போது மறந்துபோயின. மகள் என்றேன். ஓகஸ்ட் என்றேன். பதினெட்டு என்றேன். கடுதாசி, கண்ணாடி, நான் உடைத்துவிட்டேன் என்று கையால் காட்டினேன், மூடின கதவுக்கு முன்னால் கையால் காட்டினேன்.

பிறகு அவள் கேட்டாள், "எத்தனை பிள்ளை?"

"ஒண்டு."

"எப்ப விட்டிட்டு வந்தனீ?"

வருடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு வரவில்லை. "முதல் நன்மை எடுக்க முந்தி," என்றேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற நாளுக்குச் சொல்கிற அந்தச் சொற்கள் எனக்குத் தெரியும். எங்கள் சிஞ்ஞோராவின் பேத்திக்கு அந்த வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிக் கொடுத்தவள் நான்.

"முதல் நன்மைக்குத் தாய் பக்கத்திலை நிக்கேல்லையோ?"

"இல்லை."

வேறொன்றும் அவள் கேட்கவில்லை. பூட்டு இரண்டு தரம் சுற்றுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

அவள் என்னைப் பார்க்காமல் விலகி நின்று இஞ்சினியரை உள்ளே விட்டாள். கண்ணாடி ஒரு பெரிய அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. இஞ்சினியர் ஒட்டிவிட்டுப் போன மறுநாளே, அதைப் பார்க்கப் பயந்து, ஆட்களைப் பிடித்து அலுமாரியை அந்தச் சுவரோடு தள்ளி வைத்திருந்தாளாம். அலுமாரியின் தலையில் பழைய பெட்டிகள், ஒரு சொரூபம், அதற்குப் பக்கத்தில் என் போத்தல். ரிபன்கூட அவிழ்க்கவில்லை. அலுமாரியை நகர்த்துவதற்கு முன் இஞ்சினியர் ஒவ்வொன்றாக இறக்கினார். போத்தலை எடுத்தவர், சும்மா நின்ற என்னிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடியுங்கோ, சிஞ்ஞோரா."

நான் பிடித்துக்கொண்டேன். என் மனுசன் அதைப் பார்த்தார். கிழவியும் பார்த்தாள்.

இரண்டு ஆண்களுமாக அலுமாரியை இழுத்தார்கள். பின்னால் சுவர் தெரியவில்லை. ஒட்டறை கனத்துத் தொங்கியது, அதற்குள்ளே புகையும் தூசும் படிந்து ஒரு கம்பளி மாதிரி இருந்தது. கிழவி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவளுடைய உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது. என்னுடையது சொல்லவில்லை. நான் அந்த நேரத்திலும் அந்த ஒட்டறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இவ்வளவு அழுக்கு ஒரு வீட்டில் எப்படிச் சேரும் என்று. மனம் அப்படிப் பழகிப்போயிருந்தது.

இஞ்சினியர் ஒட்டறையைக் கையால் விலக்கினார். கைலேஞ்சியை எடுத்து, சுவரில் ஓரிடத்தை, குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். டோர்ச் அடித்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். சாந்தில் கீறியிருந்த திகதியை வாசித்தார். கண்ணாடி ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது.

"சானோ," என்றார். சுகமாக இருக்கிறது. ஆட்களுக்குச் சொல்கிற சொல் அது.

கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். கட்டிலில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைக் காட்டி இஞ்சினியரிடம் சொன்னாள்:

"நானும் இவளைப்போலை சுத்தமான பொம்பிளையாய் இருந்திருந்தால், இண்டைக்கு எல்லாரும் தெருவிலை."

இஞ்சினியர் சிரித்தார். இவரும் சிரித்தார், அன்று காலையிலிருந்து முதல் தரம். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்க இடம் தேடுகிற மாதிரி அங்கும் இங்கும் பார்த்தேன். அதைத் திருப்பிக்கொண்டு போகலாம் என்று வாசல் பக்கம் ஓரடி வைத்தேன்.

"எங்கை கொண்டுபோறாய்? அது என்ரை. தந்ததை ஆரும் திருப்பி எடுக்கிறதோ?" என்றாள்.

கொடுத்தேன். "கிராட்சியே," என்றேன். நத்தாருக்கு அவள் எனக்குச் சொன்ன மாதிரியேதான் வந்தது அந்தச் சொல். மேலே வந்து, அடுப்பில் கருகிக் கிடந்த கோப்பியைத் தேய்த்துக் கழுவினேன். நெடுநேரம் கழுவினேன்.

கடுதாசி கிடைத்தது. குவெஸ்தூராவில் கொடுத்தோம். கொழும்பில் மகளுக்கு விசாக் கிடைத்தது. கோயிலில் எல்லோரும் எப்படி இவ்வளவு சுறுக்காக நடந்தது என்று கேட்டார்கள். இஞ்சினியர் நல்ல மனுசன் என்று சொன்னேன். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன் என்றும் சொன்னேன். இரண்டும் பொய் இல்லை. மச்சாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இவர் அவளிடம் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் பல நாள் பயந்தேன். அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்லாமல் விட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்கும் நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

அவளிடமாவது ஒழுங்காகப் போய் ஒருதரம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது, இன்றைக்கு வரும்போது சொல்லுவோம் என்று நினைப்பேன். வரும்போது அவளுடைய கதவு திறந்திருந்தால் களைப்பாக இருக்கிறது என்று ஏறிவிடுவேன், பூட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

யூலை மாதத்தில் மகள் வந்தாள். விமான நிலையத்தில் என்னைவிட உயரமான ஒரு பெண் பிள்ளை சூட்கேசோடு நின்றாள். தமக்கையின் நடை அவளுக்கு. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஒழுங்கைக்குள் வந்ததும் இவர் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு முன்னால் மேலே போய்விட்டார். நானும் மகளும் பின்னால் ஏறினோம்.

கீழ்வீட்டு வாசலில் கிழவி நின்றாள். தலைமயிரை நனைத்து வாரி, நல்ல கறுப்புச் சட்டை ஒன்று போட்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது, சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றாள். மகளைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் இரண்டு கையாலும் அவளுடைய முகத்தைப் பிடித்து, இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. விரல்கள் கார்ச்சோஃபிக் கறையில் கறுத்திருந்தன. கறை பிள்ளையின் கன்னத்தில் படுமோ என்று நான் பார்த்தேன்.

மகள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர் அம்மா இவ?"

எல்லாம் என் வாய்வரை வந்தது. இவவாலைதான் நீ வந்தனீ, காலிலை விழு என்று சொல்ல எனக்கு மூன்று நாலு சொல் போதும். அதுவும் என் சொந்தப் பாஷையில், தடுமாறத் தேவையில்லாமல். அப்படிச் சொன்னால் ஏன் என்று பிள்ளை கேட்பாள். கேட்டால் கண்ணாடியைச் சொல்ல வேண்டும், போத்தலைச் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்குப் பிறகு என்னைக் காணுகிற பிள்ளை.

"கீழ்வீட்டு மனுசி. வா, மேலை போவம்," என்றேன்.

நான் சொல்லும்போது கிழவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாஷை அவளுக்குத் தெரியாது. நடந்ததையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். அவளுடைய முகம் சிவந்துவிட்டது. நெஞ்சில் கையை வைத்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, "நியெந்தே, நியெந்தே," என்றாள். ஒன்றுமில்லை, நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னாள்.